பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கட்டடம் பிழைத்துவிடுமா?

கேள்வி இதுதான்: கிட்டத்தட்ட 90 வயதான ஒரு திரையரங்கம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை அரசின் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். சேர்த்துவிட்டால் யாராலும் இடிக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. சேர்த்துவிட்டால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது, விற்கவும் முடியாது என்பது உரிமையாளர்களின் பயம். இதில் எது உண்மை?

இரண்டுமே இல்லை. பட்டியல் என்பது பெரும்பாலான நாடுகளில் "கேட்காமல் கை வைக்காதே" என்று சொல்லும் ஏற்பாடு, அவ்வளவுதான். கேட்டால் சில சமயம் சரி என்பார்கள், சில சமயம் கூடாது என்பார்கள், பல சமயம் "இப்படி மாற்றிச் செய்" என்பார்கள். கேட்க வேண்டிய கட்டாயம் எவ்வளவு வலுவானது என்பது எந்தப் பட்டியல் என்பதைப் பொறுத்தது. அதனால் கையெழுத்து வாங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தப் பட்டியல், அதன் பின்னால் எந்தச் சட்டம்?" என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் வந்த தேசியச் சட்டம் ஒரு தேசியப் பதிவேட்டை உருவாக்கியது. அதில் இடம்பெறுவதைப் பெரிய கௌரவமாக நினைக்கிறார்கள். ஆனால் அதில் உள்ள ஒரு தனியார் கட்டடத்தை, உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிக்க நினைத்தால் அந்தப் பதிவேடு அவரைத் தடுக்காது. மத்திய அரசின் பணமோ, உரிமமோ, திட்டமோ அந்த இடத்தைத் தொடும்போதுதான் பாதிப்பு என்ன என்று ஆராய வேண்டிய கடமை வருகிறது. அந்த ஆராய்ச்சியும் யோசிக்க வைக்கும், தடுத்தே தீரும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, தனியார் உரிமையாளர் மறுப்புத் தெரிவித்தால் அவருடைய கட்டடத்தைப் பதிவேட்டில் சேர்க்கவே முடியாது. அங்கே உண்மையான பல் இருப்பது நகராட்சிச் சட்டங்களுக்கு. நியூயார்க்கில் 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், 1965-இல், நகரம் தனக்கென ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட கட்டடத்தின் வெளிப்புறத்தை, நகரத்தின் பாரம்பரியக் கட்டட ஆணையத்தின் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. ஆக, ஒரே நாட்டில் ஒரே கட்டடம் இரண்டு பட்டியலில் இருக்கலாம். பெரிய பெயர் உள்ளது கடிக்காது, சின்னப் பெயர் உள்ளது கடிக்கும்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கும் இது பொருந்தும். உலகத்திலேயே புகழ்பெற்ற பட்டியல் என்பதால் அதுதான் மிக வலுவானது என்று நினைக்கிறோம். 1972 உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு தன் இடத்தைக் காப்பதாக வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை அந்த நாட்டுச் சட்டம்தான் நிறைவேற்ற வேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004-இல் பட்டியலில் ஏறியது. மறு வருடமே அந்த நகர மக்கள் ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். யுனெஸ்கோ எச்சரித்துப் பார்த்தது. கடைசியில் 2009-இல் பெயரை நீக்கியது. பாலம் 2013-இல் திறக்கப்பட்டது. லிவர்பூல் துறைமுகப் பகுதியும் 2004-இல் ஏறி 2021-இல் இறங்கிவிட்டது. யுனெஸ்கோவின் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் பெயரை எடுத்துவிடுவது மட்டும்தான்.

சரி, பல் உள்ள பட்டியல் ஒன்றில் உங்கள் திரையரங்கம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரின் வாழ்க்கை என்ன ஆகும்?

இங்கிலாந்தின் முறை இதைப் புரிந்துகொள்ள வசதியானது. கிட்டத்தட்ட 4 லட்சம் பதிவுகள் உள்ள பட்டியல் அது. கட்டடங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் தரம் சுமார் 2.5 சதவீதம்தான். நடுவில் 'இரண்டாம் தரம் நட்சத்திரம்' என்று ஒன்று. 90 சதவீதத்துக்கு மேல் கடைசித் தரமான இரண்டாம் தரம், அதாவது சாதாரண வீடுகள், கடைகள், மதுக்கூடங்கள், சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள். இந்த வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள், சமையலறையைப் புதுப்பிக்கிறார்கள். கட்டடத்தின் சிறப்பைப் பாதிக்கும் வேலை என்றால் மட்டும் முன்னனுமதி வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பக் கட்டணம்கூடக் கிடையாது. உடைந்த கூரை ஓடுகளை அதே மாதிரி ஓடுகளால் மாற்றுவது போன்ற பழுதுபார்ப்புக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. ஆக, ஆணி பற்றிய பயம் மிகைதான்.

ஆனால் பயத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே பட்டியல் என்றால் முகப்பு மட்டும் இல்லை, உள்ளேயும் சேர்த்துத்தான். திரையரங்கம் என்றால் மேடை வளைவு, சுதைவேலை, பால்கனிக் கைப்பிடி எல்லாம் கணக்கில் வரும். அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றவியல் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம். முந்தைய உரிமையாளர் செய்த திருட்டு வேலையைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு, இன்றைக்கு வாங்கினவர் தலையில் வந்து விழலாம். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. பழைய கட்டடம் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எல்லா நாடும் இவ்வளவு இறுக்கமில்லை. ஜப்பானில் 1949-இல் ஹோர்யூஜி கோயிலில் தீப்பிடித்து மிகப் பழைய சுவரோவியங்கள் கருகின. அடுத்த வருடமே கடுமையான பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் கடுமையைத் தாங்கக்கூடியவை சில ஆயிரம் கட்டடங்கள்தான். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வங்கிகள், பள்ளிகள், சாராய ஆலைகள் எல்லாம் வெளியே நின்று ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அதனால் 1996-இல் இரண்டாவதாக ஓர் இலகுவான பதிவு முறை கொண்டுவந்தார்கள். 50 வயது ஆகியிருந்தால் போதும். வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், உள்ளே ஏறத்தாழ உங்கள் விருப்பம். வலுவில்லாத பட்டியல் வீண் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தயங்கும் உரிமையாளரை உள்ளே கொண்டுவர இலகுவான வாசல் ஒன்று இருப்பது நல்லதே. உங்கள் பகுதியில் இரண்டு வகையும் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள்.

உரிமையாளர் தரப்பின் இன்னொரு வாதம், "என் நிலத்தின் மதிப்பைப் பறிக்கிறீர்கள், நஷ்டஈடு எங்கே?" என்பது. இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1967-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. உரிமையாளரான ரயில் நிறுவனம் அதன் தலைமேல் 50 மாடிக்கு மேற்பட்ட கோபுரம் ஒன்றை எழுப்பத் திட்டம் கொடுத்தது. ஆணையம் மறுத்தது. வழக்கு 1978-இல் 6–3 என்ற கணக்கில் நகரத்துக்குச் சாதகமாக முடிந்தது. நிலையம் வழக்கம்போல் இயங்கி வருமானம் தருகிறது, எனவே சொத்து பறிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். அங்கே கட்டாமல் விட்ட உயரத்தைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த மாற்றும் உரிமை அருமையான யோசனை. "உன் மனையில் பத்து மாடி கட்ட அனுமதி உண்டு, நீ இரண்டு மாடியோடு நிறுத்திக்கொள், மீதி எட்டை இன்னொருவருக்கு விற்றுக்கொள்" என்கிற கணக்கு. இது வேலை செய்ய அந்த உயரத்தை வாங்க ஆள் வேண்டும். நில விலை கொழுத்த நகரத்தில் பலிப்பது மற்ற இடங்களில் பலிக்காது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடம். ஒரு பழைய கட்டடத்துக்கு மிக ஆபத்தான காலம், அதைப் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வெளியே தெரிந்து, இன்னும் சேர்க்காமல் இருக்கும் அந்த இடைவெளிதான். உங்கள் கையெழுத்து இயக்கம் இப்போது நிற்பது சரியாக அங்கேதான்.

லண்டனின் மேற்கே ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலை இருந்தது. 1928-இல் கட்டியது, வெள்ளைத் தூண்களும் வண்ண ஓடுகளுமாக அரண்மனை மாதிரி முகப்பு. 1980 ஆகஸ்டில் அதைப் பட்டியலில் சேர்க்கும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. நடுவில் ஒரு நீண்ட வார இறுதி விடுமுறை வந்தது. அலுவலகங்கள் திறப்பதற்குள் புதிய உரிமையாளர்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து முகப்பை நொறுக்கிவிட்டார்கள். சட்டப்படி தவறே இல்லை, ஏனென்றால் கையெழுத்து இன்னும் விழவில்லை. அந்தக் கோபத்தில்தான் அதே காலத்து மற்ற கட்டடங்களை அரசு அவசர அவசரமாகச் சேர்த்தது. ஃபயர்ஸ்டோனைக் கட்டிய அதே கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த ஹூவர் தொழிற்சாலை அப்படித் தப்பியது. அதன் பின்பகுதியில் இன்று பேரங்காடி, முகப்புக் கட்டடத்தில் குடியிருப்புகள். ஃபயர்ஸ்டோனில் மிஞ்சியது வாசல் கதவுகளும் கம்பி வேலியும்தான். அவற்றைப் பிறகு பட்டியலில் சேர்த்தார்கள் என்பதைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியாது.

இதே மாதிரி இன்னொன்று, முடிவு மட்டும் வேறு. லண்டனின் மைடா வேல் பகுதியில் கார்ல்ட்டன் டேவர்ன் என்ற மதுக்கூடம், 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. பட்டியலில் சேர்க்கப் பரிந்துரை வரவிருந்த நேரத்தில், 2015 ஏப்ரலில், உரிமையாளர் திட்ட அனுமதி ஏதுமில்லாமல் அதை இடித்துத் தள்ளினார். இங்கே உள்ளூராட்சி விடவில்லை. இருந்ததைப் போலவே செங்கல் செங்கலாகத் திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2021-இல் மதுக்கூடம் மறுபடி திறந்தது. இது சாத்தியமானதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. பட்டியல் விண்ணப்பத்தைப் பரிசீலித்தபோது அந்தக் கட்டடத்தை உள்ளும் புறமும் விரிவாக ஆவணப்படுத்தி வைத்திருந்தார்கள். எது எங்கே இருந்தது என்று தெரியாமல் "அப்படியே கட்டு" என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது.

ஆகவே கையெழுத்து வேட்டைக்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, இடைக்காலப் பாதுகாப்பு உங்கள் சட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் உள்ளூராட்சி ஒரு பாதுகாப்பு அறிவிப்பை ஒட்டினால் போதும், ஆறு மாதத்துக்கு அந்தக் கட்டடம் பட்டியலில் இருப்பதாகவே கணக்கு. அதற்குள் முடிவெடுக்க வேண்டும். இப்படி ஒரு வழி இருந்தால் முதல் மனு அதற்காக இருக்கட்டும். சில சட்டங்களில் இது தலைகீழாக இருக்கும். இந்தியாவின் 1958 தொல்லியல் சட்டப்படி, ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும் முன் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். நியாயமான நடைமுறைதான். ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவருக்கு அந்த இரண்டு மாதம் போதுமானது. இரண்டாவது வேலை, புகைப்படம் எடுங்கள். பொழுதுபோக்குப் படம் இல்லை, அளவுக்கோலோடு. ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், கூரை, தரை, கதவு, படிக்கட்டின் கைப்பிடி முனை வரை. முடிந்தால் ஓர் அளவெடுத்த வரைபடம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெரும்பாலானவை அங்கேதான் தோற்கின்றன. "90 வருடப் பழைமை வாய்ந்த, எங்கள் மனத்துக்கு நெருக்கமான" என்று ஆரம்பிக்கும் மனுக்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. வயது மட்டும் ஒரு காரணம் இல்லை. இங்கிலாந்தில் 1700-க்கு முன் கட்டி, உருக்குலையாமல் நிற்பது என்றால் ஏறத்தாழக் கேள்வியே இல்லாமல் சேர்த்துவிடுவார்கள். காலம் நெருங்க நெருங்கத் தேர்வு கடுமையாகும். 1930-களின் திரையரங்கம் என்றால் அதே காலத்துத் திரையரங்குகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் இது ஏன் தனி, உள்ளே எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒப்பிடாத விண்ணப்பம் தேறாது. அதே சமயம், சிறப்பு என்பது கல்லிலும் சுதையிலும் மட்டும் இல்லை. லண்டனின் அபே ரோட்டில் ஒரு பாதசாரிக் கடவை 2010-இல் இரண்டாம் தரத்தில் பட்டியலில் ஏறியது. தார்ச் சாலையில் வெள்ளைக் கோடுகள், வேறொன்றுமில்லை. பீட்டில்ஸ் குழுவின் நான்கு இசைக்கலைஞர்கள் அதன்மேல் நடந்துபோன ஒரு புகைப்படம்தான் அதன் தகுதி. உங்கள் திரையரங்கின் கட்டடக்கலை சுமாராக இருந்தாலும், அங்கே நடந்தது என்ன என்று தேடுங்கள். பழைய நாளிதழ் விளம்பரம், உரிமப் பதிவு, ஒப்பந்தக்காரரின் ரசீது, மேடையில் பேசியவர் படம் எல்லாம் சான்றுதான்.

எல்லையையும் தெளிவாக எழுதுங்கள். முன்முற்றம், சுற்றுச்சுவர், நுழைவுச்சீட்டு அறை ஆகியவை உள்ளேயா வெளியேயா? மங்கலாக விட்ட எல்லை பின்னால் வழக்காகும். சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் உண்டு. பிரான்ஸ் 1943-இல் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் என்று வைத்தது. இந்தியாவில் 2010 திருத்தத்துக்குப் பின், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். கோயில் தளத்தைச் சுற்றி நூறு வருடமாகக் குடியிருப்பவர் வீட்டை எடுத்துக் கட்ட முடியாமல் தவிப்பதற்கு இதுதான் காரணம். இப்படி ஒரே அளவுக்கோலை எல்லா இடத்துக்கும் வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. சின்னத்துக்கு எதிரிகளை அக்கம்பக்கத்திலேயே உருவாக்கும் வேலை அது.

அப்புறம், பணம். பிரான்சில் 1840-இல் ப்ராஸ்பர் மெரிமே என்ற எழுத்தாளர் நினைவுச்சின்னங்களின் கண்காணிப்பாளராக இருந்தபோது வந்த முதல் பட்டியலில் சுமார் ஆயிரம் கட்டடங்கள் இருந்தன. அது எதற்கான பட்டியல் தெரியுமா? பழுதுபார்க்க அரசுப் பணம் தேவைப்படுகிறவை எவை என்று சொல்லும் பட்டியல். தடை, அனுமதி, தண்டனை எல்லாம் 1887, 1913 சட்டங்களில் பின்னால் வந்தவை. இன்று பல இடங்களில் தடை மட்டும் இருக்கிறது, பணம் காணாமல் போய்விட்டது. "இடிக்காதே" என்று சொல்வதற்கு அரசுக்குச் செலவில்லை. ஒழுகும் கூரையை மாற்றுவதற்கு உரிமையாளருக்குச் செலவு உண்டு. வாடகை வராத, பிள்ளைகளுக்குள் பங்கு பிரியாத கட்டடத்தை அவர் என்ன செய்வார்? சும்மா விடுவார். மூன்று மழைக்காலம் போனால் கூரை தானாக இறங்கும், பிறகு "ஆபத்தான கட்டடம்" என்று அவரே மனுப் போடுவார். இடிக்காமலே இடிக்கும் இந்த வித்தைக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அவசரப் பழுதை உள்ளூராட்சியே பார்த்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம், கடைசிக் கட்டமாகக் கட்டாயக் கொள்முதலும் செய்யலாம். நடைமுறையில் தயங்குவார்கள், ஏனென்றால் வசூலாகாவிட்டால் செலவு அவர்கள் கணக்கில். அமெரிக்கா வேறு வழி போகிறது. தேசியப் பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரியில் கழியும். தடுக்கும் பல் இல்லாத அந்தப் பதிவேடு நிறையக் கட்டடங்களைக் காப்பாற்றியிருப்பது இந்த 20 சதவீதத்தால்தான் என்பது என் கருத்து.

ஏறிய பெயரை யாராவது போய்ப் பார்க்கவும் வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் பாதுகாப்பில் சுமார் 3,700 சின்னங்கள் உள்ளன. அவற்றில் 50 காணவில்லை என்று பண்பாட்டு அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் கணக்குக் கொடுத்தது. 14 நகர விரிவாக்கத்தில் போயின, 12 அணைநீரில் மூழ்கின, 24 எங்கே இருந்தன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டம் அவற்றுக்குக் கடைசி வரை முழுப் பாதுகாப்புக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, காகிதத்தில்.

உங்கள் திரையரங்கத்துக்குத் திரும்புகிறேன். உரிமையாளர்களைப் போய்ப் பாருங்கள், கையெழுத்துத் தாளை வீட்டில் வைத்துவிட்டு. அவர்களுக்கு என்ன பயன் கிடைக்கும், எந்த மாற்றத்துக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும், அந்தக் கூடம் வேறு எதற்கு உதவும் என்று பேசுங்கள். விண்ணப்பம் முடிவாகப் பல மாதம் ஆகும். அதுவரை ஒரே ஓர் உதவி கேளுங்கள்: கூரையின் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, உடைந்த ஓடுகளின் மேல் தார்ப்பாய் போட உங்களை அனுமதிக்க வேண்டும். விரிசல் கண்ணில் பட்டால் சிமெண்டு பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும், அப்புறம் செங்கல் பொரிந்து உதிரும். தண்ணீர் உள்ளே இறங்காமல் இருந்தால் போதும், மற்றதைப் பார்க்க நேரம் இருக்கிறது.